சிவப்பில் ஒரு ‘ஹெச்’

போன மாதம் ஒரு மத்தியானம். ஆபீஸில் இருந்தபோது என் போனில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. மகள் நிலாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மூன்று வயதுக் குழந்தை இப்படிச் சோர்ந்து சோர்ந்து படுக்கிறாளே என்று டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட்.

திறந்தேன். ‘லிம்போசைட்’ என்று, ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையாம், ஒரு வரி, சிவப்பு எழுத்தில். பக்கத்திலேயே ‘ஹெச்’. அதாவது, ஹை!

டாக்டர் ஐந்து மணிக்குத்தான் வருவார். அதுவரை சும்மா இருக்க முடியுமா? நெட்டில் தேடினேன். மூன்றாவது வரியிலேயே... ரத்தப் புற்றுநோய்.

ஆபீஸில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. டெல்லி மெட்ரோ பிடித்து மயூர் விஹாரில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மனைவி சுதா போனை வாங்கிப் பார்த்தாள்.

“என்னங்க இது... நம்ம புள்ளைக்கா?”

பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

“மம்மி மறுபடி குளிக்குதா, பப்பா?” என்றாள் நிலா.

ஐந்து மணிக்கு கிளினிக். குழந்தைகள் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

“அரே, கப்ராயியே மத்!” – பயப்படாதீர்கள் என்றார். ரிப்போர்ட்டில் அச்சடித்திருந்தது பெரியவர்களுக்கான அளவாம். சின்னக் குழந்தைகளுக்கு லிம்போசைட் இயல்பாகவே அதிகம்தானாம். மற்ற அணுக்களும் சரியாக இருந்தன. சுதா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் டாக்டரின் பேனா முதல் வரியில் போய் நின்றது. ஹீமோகுளோபின் – எட்டு.

“இதைப் பார்க்கவில்லையா?”

பார்க்கவே இல்லை! அதற்குப் பக்கத்திலும் ‘எல்’ என்று, அதாவது ‘லோ’ என்று, சிவப்பில்தான் போட்டிருந்தது.

“குழந்தை என்ன சாப்பிடுகிறாள்?”

“சாப்பாடுதான் கஷ்டம் டாக்டர். ஆனா பால் நல்லா குடிப்பா. தினம் ஒரு லிட்டர்!” சுதாவின் குரலில் பெருமை. எனக்கும்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பாலில் இரும்புச்சத்து சொற்பம். வயிறு முழுக்கப் பாலென்றால் வேறு எது உள்ளே போகும்? ரத்தசோகை வந்ததே அதனால்தான் என்றார்.

தூக்கிவாரிப்போட்டது. ‘எங்க வீட்டுப் பால்காரி’ என்று சொந்தக்காரர்களுக்கு வீடியோ அனுப்பியவன் நான். சுதா மெல்ல, “நானே ஊட்டி ஊட்டிக் குடுத்தேனே...” என்றாள்.

பாலைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். இரும்புச்சத்து சிரப், பருப்புச் சோறு, கீரை. முதல் வாரம் பால் கேட்டு வீடே அதிர அழுதாள் நிலா. நேற்று மறு டெஸ்ட் – பத்தைத் தாண்டிவிட்டது. மாடிப்படியில் எனக்கு முன்னால் ஓடுகிறாள்.

இன்டர்நெட் எனக்குப் பக்கம் பக்கமாகப் பதில் சொன்னது. குழந்தை என்ன சாப்பிடுகிறாள் என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை... நானும் கேட்டுக்கொள்ளவில்லை!