கம்ப்யூட்டருக்காக ஃபேன ஆஃப் பண்ண காலம்

மொதல்ல ஒரு மானக்கேட்ட சொல்லிடறேன். கம்ப்யூட்டர் ஸ்லோவானா நான் எழுந்து போய் ஃபேன ஆஃப் பண்ணுவேன். டீசல் பொகை, இரும்புத் தூசு, சட்டையெல்லாம் வேர்வ... பல்லக் கடிச்சிகினு ஒக்காந்திருப்பேன். வோல்டேஜ் பத்தலன்னு நெனப்பு! டியூப்லைட்டுக்கு அது வேல செய்யும் இல்ல?

அஞ்சாங்கிளாஸோட நின்ன ஆளு. அவ்ளோ தான் நம்ம சயின்ஸு.

ரெண்டாயிரத்து எட்டோ ஒம்போதோ. கும்மிடிப்பூண்டில ஒரு கம்பி ஃபேக்டரி கேட்ல வேல. லாரி வெளிய போவணும்னா லிஸ்ட்ல நம்பர தேடி, 'அவுட்' பட்டன தட்டணும். பாஸ் பிரிண்ட் ஆவும். அதுவரைக்கும் நோட்டுல எழுதினு இருந்தத புதுசா கம்ப்யூட்டர்ல போட்டுட்டாங்க.

தட்டுனா... ஒண்ணும் நடக்காது. ஸ்கிரீன் ஒறஞ்சி நிக்கும். நானும் ஏழெட்டு வாட்டி தட்டுவேன். லாரி ரோடு வரைக்கும் நிக்கும்.

"இன்னா நைனா, பொட்டி தூங்குதா?" இது நெல்லூர் டிரைவர் ஒருத்தரு.

அத சரி பண்ண வந்தது ஷமீமா. பழவேற்காட்டு பொண்ணு, இத எழுதிக் குடுத்த சாஃப்ட்வேர் கம்பெனில மொத வேல. மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. "சாயந்தரம் ஷிஃப்ட் மாறதுக்குள்ள சரியாவணும்மா. இல்லன்னா நாளைலேர்ந்து பழைய நோட்டு தான்." அப்படி ஆச்சுன்னா அவ வேலையும் காலி.

நான் சும்மா இருப்பனா? "உன் சாஃப்ட்வேருக்கு எங்க கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயினே பரவால்ல போலக்குதே மா."

"எங்க ஆபீஸ்ல பறக்குதுண்ணே. இங்க தான் படுத்துக்குது. மொதல்ல அந்த ஃபேன போடுங்க."

அவ ஜாவான்னு ஒரு பாஷைல எழுதுவாளாம். ஆனா லிஸ்ட்ட தொறந்து காட்டுற ப்ரவுசருக்கு ஜாவா தெரியாதாம். அதனால கம்பைலர்னு ஒண்ணு மொத்தத்தையும் அதுக்குத் தெரிஞ்ச ஜாவாஸ்கிரிப்டா மாத்திக் குடுக்குமாம். மாத்தும்போது சைஸ கொறைக்க, பேரெல்லாம் ஏ, பி, சின்னு சுருக்கிடும். தொறந்து காட்டுனா... எறும்பு கூட்டம்.

"இதுல எதும்மா நீ எழுதுனது?"

"எனக்கே தெரியலண்ணே."

பேரு முழுசா தெரியற மாதிரி மறுபடி கம்பைல் பண்ணா. நாங்க டீ குடிச்சி முடிச்சிட்டோம், அது முடிக்கல. அப்புறம் ப்ரோக்ராம் உள்ள அங்கங்க நேரம் பாக்க வச்சா. எந்த எடத்துல எவ்ளோ நேரம் போவுதுன்னு அதுவே எழுதிக் காட்டுது! கண்ணுக்கே தெரியாத எடத்துல கடியாரம் மாட்டுற ஆள அன்னிக்கி தான் பாத்தேன்.

மாட்டிக்கிச்சு. நான் ஒரு தட்டு தட்டுனா, ஆரம்பத்துலேர்ந்து வந்து போன அத்தினி லாரியையும் வரி வரியா ஸ்கிரீன்ல மறுபடி அடுக்கினு இருந்துக்குது. ஆபீஸ்ல டெஸ்ட்டுக்கு பத்தே லாரி போட்டு பாத்துருக்காங்க... பறக்காம இன்னா பண்ணும்?

உள்ள நிக்கிற லாரி மட்டும் வந்தா போதும், அதுவும் வரி வரியா ஒட்டாம ஒரே மூச்சுல மொத்தமா வரணும்னு மாத்துனா.

மேனேஜர் வந்து பின்னால நின்னாரு. ஷமீமா 'அவுட்' பட்டன தட்டுனா. ஒரே தட்டு... வெரல எடுக்கறதுக்குள்ள பாஸ் வந்து நிக்குது! எனக்கு புல்லரிச்சிடுச்சு.

"ம்... நோட்டு வேணாம்"னுட்டு மேனேஜர் போயிட்டாரு. ஃபேன் ஓடினு இருக்கு, "வேர்வண்ணே"ன்னு கண்ண தொடச்சிகினா.

இப்ப செல்லுல அரை செகண்ட் வட்டம் சுத்துனா என் பொண்ணு சலிச்சிக்கிறா. எனக்கோ, ஒண்ணு பட்டுனு தொறந்தாலே ஆச்சரியம் தான். எங்கியோ ஒருத்தி கடியாரம் மாட்டினு ஒக்காந்துருக்கான்னு தோணும்...

அன்னிக்கி அடுத்த லாரி நெல்லூர்காரரோடது. "இப்ப நீங்க தட்டுங்கண்ணே"ன்னா ஷமீமா. நான் பழைய பழக்கத்துல படபடன்னு தட்டுனேன்.

கம்ப்யூட்டர் சொல்றபடி, அந்த லாரி அன்னிக்கி ஏழு வாட்டி வெளிய போயிருக்கு. உள்ள வந்தது ஒரு வாட்டி.