கூடிக்கொண்டே போன பென்சில்கள்

உலகத்தில் எந்தப் பிள்ளையும் பென்சிலைத் தொலைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வரும். என் மகள் மிதுனாவின் பெட்டியிலோ பென்சில்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்தன. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில், பின்னேரங்களில் அவளுடைய புத்தகப் பையை அடுக்குவது என் வேலை. பெட்டியைத் திறந்தால், அடிப்பக்கம் பிளேட்டால் சீவி, வெள்ளை மரத்தில் பேனையால் பெயர் எழுதிய பென்சில்கள். எல்லாம் வேறு பிள்ளைகளின் பெயர்கள். சிநேகிதிகள் அன்பளிப்பாகக் கொடுக்கிறார்களாக்கும், வந்த கையோடு மகள் ஊரைப் பிடித்துவிட்டாள் என்று நான் பூரித்துப்போனேன். என் மூளை வேலை செய்யும் விதம் அப்படி.

நோர்வேயில் நான் ஒரு களஞ்சியசாலையில் பெட்டிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தவன். மனைவிக்குத் திருகோணமலையில் வேலை கிடைத்துத் திரும்பியபோது, மற்றவர்கள் சொக்கிலேட் கொண்டுவருவது போல நான் பெயர் அடிக்கும் மெஷினைக் கொண்டுவந்தேன். அங்கிருந்து வந்த சீனிப் பேணியில்கூட நோர்வே மொழியில் ‘சுக்கர்’ என்று ஒட்டியிருக்கும். மூன்றாம் தரத்தில் சேர்ந்த மகளின் கொப்பிகளுக்கு உறை போட்டேன், பாடத்துக்கு ஒரு நிறம் பிரித்தேன், நேரசூசியை அலுமாரிக் கதவில் ஒட்டினேன், பென்சில், அழிறப்பர் ஒன்றையும் விடாமல் மகளின் பெயரை அடித்து ஒட்டினேன். அதோடு விட்டேனா? பாடசாலை வாசலில் நின்ற தாய்மாருக்கு, பிள்ளைகளை ஒழுங்காகப் பழக்குவது எப்படி என்று வகுப்பும் எடுத்தேன்.

அதன் பலன் ஒரு பின்னேரம் படலையடிக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பவளக்கா. அவருடைய மகள் சுவாதி, வகுப்பில் மிதுனாவோடு ஒரே வாங்கில் இருப்பவள். பவளக்கா வாய் திறந்தால் அன்றிரவு மனைவிக்குச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஏதாவது கிடைக்கும். அன்று கிடைத்ததை இன்னும் விழுங்க முடியவில்லை.

“தம்பி, கோவிக்காதைங்கோ. உங்கட பிள்ளைக்குப் பக்கத்தில இருக்க ஏலாதெண்டு சுவாதி அழுறாள். வகுப்பில எல்லாரும் மிதுனாவைக் கள்ளி எண்டு சொல்லுறாங்களாம்.”

“என்ன கதை அக்கா இது? எங்கட வீட்டில ஒவ்வொரு சாமானிலயும் பேர் இருக்கு!”

“ஓம் தம்பி. மற்றாக்களின்ட பேரும் இருக்காம்.”

உள்ளே போய் மகளைக் கேட்டேன். “எல்லாம் ஃபெல்லெஸ்தானே, அப்பா?” என்றாள். ஃபெல்லெஸ் என்றால் எல்லாருக்கும் பொது. நோர்வேயில் அவளுடைய பழைய வகுப்பில் மேசை நடுவே ஒரு பேணி நிற்கும். வேண்டிய பென்சிலை எடுத்து, எழுதி முடிய அதற்குள்ளேயே போடவேண்டும். அவளை அங்கே சேர்த்த அன்று, இங்கே சாம்பல்தீவுப் பள்ளியில் நான் படித்த காலத்துப் பழக்கத்தில், ஒவ்வொரு பென்சிலையும் சீவி அவள் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். ஆசிரியை எடுத்துப் பார்த்தார், சிரித்தார், ஏதோ சொன்னார், பேணிக்குள் போட்டார். என் கைவேலையை மெச்சுகிறார் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பாடம் விளங்கியது மகளுக்குத்தான்.

“அப்ப உன்ர பென்சிலெல்லாம் எங்க?”

“கேட்டாக்களுக்குக் குடுத்தனான்.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “சுவாதி என்னோட கதைக்கிறாளில்லை” என்றாள்.

மறுநாள் காலை, கையில் அகப்பட்ட சீனிப் பேணியைக் காலிசெய்து, அதற்குள் பென்சில்களைப் போட்டுக்கொண்டு மகளோடு வகுப்புக்குப் போனேன். டீச்சர் பெயர் பார்த்துப் பார்த்து உரியவர்களுக்குக் கொடுத்தார். பிறகு, “மிதுனாட பென்சில் ஆரிட்டயும் இருக்கோ?” என்றார். மெதுவாக ஒரு பெட்டி திறந்தது. பிறகு வாங்கு வாங்காக என் மெஷின் அடித்த பெயர்கள் வெளியே வந்தன. சுவாதியிடம்தான் கூடுதலாக இருந்தன.

“நான் எடுக்கேல்லை டீச்சர், அவதான் தந்தவ!”

“தந்த பிள்ளையையே கள்ளி எண்டு சொன்னனீங்கள்?”

சுவாதி வாங்கில் தள்ளி இருந்து இடம் விட்டாள். மிதுனா போய் இருந்தாள்.

அன்று பின்னேரம், வாங்கிவந்த புதுப் பென்சில்களில் பெயர் எழுத, பிளேட்டும் கையுமாக நான் சீவிக்கொண்டிருக்க, பாதியில் மகள் மிச்சப் பென்சில்களைத் தன் பக்கம் இழுத்தாள். “இதுகளுக்குப் பேர் போடாதைங்கோ அப்பா. இது மேசைக்கு.” இப்போது பெயருள்ளவை அவளுடைய பெட்டியில் இருக்கின்றன. பெயரில்லாதவை அவளுக்கும் சுவாதிக்கும் நடுவே, ‘சுக்கர்’ என்று ஒட்டிய பேணியில் நிற்கின்றன. ஒஸ்லோவில் இருக்கும் என் பழைய கூட்டாளிகளே, சிரியுங்கள்: மெஷினுக்கு நாடா முடிந்துவிட்டது, இங்கே அது கிடைக்காது. சீனியை வெறும் போத்தலொன்றில் கொட்டிவைத்திருக்கிறேன். பக்கத்திலுள்ள உப்புப் போத்தலின் பெயரும் இந்தக் கடற்காற்றில் உரிந்து விழுந்துவிட்டது. காலையில் தேத்தண்ணி போடும்போது, இரண்டையும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துத்தான் எது எதுவென்று அறிகிறேன்.