இரட்டைக்கொம்பு இருந்த இடம்

செல்வநாயகி அக்கா கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் தமிழ்த் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தவர். ஷெல் விழுந்து அந்தக் கந்தோரின் கூரை போனபிறகு, நெல்லியடியில் பஞ்சலிங்கம் அண்ணை நடத்திய கொம்பியூட்டர் அறைக்கு வேலைக்கு வந்தார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அண்ணை ஜெனரேற்றரையும் வாடிக்கையாளரையும் பார்த்துக்கொள்வார். அக்கா அடிப்பார். அவர் அடித்ததில் பிழை பார்ப்பது என் வேலை.

கலியாண அழைப்புக் காட்டுகளும் பள்ளிக்கூடச் சோதனைத் தாள்களும் வரும். ஆனால் அதிகம் வந்தது கல்வெட்டுத்தான். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த வருடங்களில் கல்வெட்டுக்குக் குறைவில்லை. இளம் வயதுப் படங்கள் வரத்தொடங்கியபிறகு அக்கா படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடிப்பார்.

கொம்பியூட்டர், ரொறன்ரோவிலிருந்த அண்ணையின் தம்பி சண்முகநாதன், சண்டையில் பாதை பூட்டுப்படுவதற்கு முன் அனுப்பியது. அதன் கீபோட் கனமானது. ஒவ்வொரு விசைக்கு அடியிலும் வில் இருந்தது. அக்கா வேகம் பிடித்தால் தகரக்கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோலக் கேட்கும். தமிழ் எழுத்தெல்லாம் சாதாரண விசைகளுக்குள் அடங்காது என்பதால் ஆகார அரவு, இகர விசிறி, மெய்யெழுத்தின் மேல் வைக்கிற குற்று, எகர ஒற்றைக்கொம்பு, ஏகார இரட்டைக்கொம்பு எல்லாவற்றையும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே இரண்டு நிரலாக இருந்த F1, F2 என்ற எஃப் விசைகளில் சண்முகநாதன் ஏற்றிவிட்டிருந்தார். எதில் எது என்று எழுதிய மட்டைத் துண்டொன்று பக்கத்தில் ஒட்டியிருந்தது.

மூலையில் றீமாப் என்று இன்னொரு விசை. ஒரு விசையின் வேலையை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பது அது. மாற்றியதைக் கீபோட் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கரண்ட் நின்றாலும், கம்பியைக் கழற்றினாலும் மறக்காது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தவை. அதுவரைக்கும் அந்த விசையை ஒருவரும் தொட்டதில்லை.

தொண்ணூற்றொன்றில் சரஸ்வதி பூசைக்கு ஏடு, பேனையோடு கீபோட்டையும் வைத்துப் படைத்தோம். எஃப் விசை ஒவ்வொன்றுக்கும் அக்கா சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். விஜயதசமி காலையில் அண்ணை கீபோட்டைக் கொழுவி ஜெனரேற்றரை இழுத்து விட்டார். அக்கா ஈரத்துணியை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தார். மூலையில் இருந்த றீமாப்பில் தொடங்கி, மேலிருந்து கீழே, இரண்டு நிரலும். காய்ந்த சந்தனம் இலேசில் போகாததால் அழுத்தித்தான் துடைத்தார்.

முதல் சொல்லாக "காலம்" என்று அடித்தார். "கிலம்" என்று வந்தது.

"என்ன பிள்ளை, நித்திரை முறியேல்லையோ?" என்றார் அண்ணை.

"இல்லை அண்ணை. அரவுதான் அடிச்சனான். விசிறி விழுது."

"திரும்பி அடியும்."

திரும்பி அடித்தபோதும் "கிலம்"தான். அரவைத் தேடிப் பார்த்தால் அது இரண்டு இடத்தில் இருந்தது. ஒற்றைக்கொம்பு இருந்த இடத்திலும் குற்றுத்தான் வந்தது. இரட்டைக்கொம்பு எங்குமே இல்லை. அண்ணை கம்பியைக் கழற்றிக் கொழுவினார். ஜெனரேற்றரை நிற்பாட்டிவிட்டு ஆறவிட்டுத் திரும்ப இழுத்தார். பிறகுதான் றீமாப் விசையில் கை வைத்தார். அதோடு மிச்சமும் போயிற்று. பொழுது சாயும்வரைக்கும் மாறிமாறி அழுத்தியதில், வலது பக்கத்து இலக்கங்களுக்குள் ஏழாம் இலக்கத்தில் இரட்டைக்கொம்பு வந்து குந்தியது.

"இனி ஒண்டையும் தொடாதேங்கோ அண்ணை. கிடைச்சதும் போயிடும்," என்று அக்கா அவருடைய கையைப் பிடித்துவிட்டார். அதற்குமுன் அவர் அண்ணைக்கு முன்னால் நிமிர்ந்து கதைத்ததை நான் கண்டதில்லை.

"தம்பியைக் கேப்பம் எண்டா ரெலிபோனும் இல்லை, ஒரு இழவும் இல்லை," என்று அண்ணை வாசலில் போய் இருந்தார். "இந்த ஊரிலை ஆரைப் போய்க் கேக்கிறது? பிள்ளையாரையோ?"

அக்கா அன்று என்னிடம் மெல்லச் சொன்னார்: "தம்பி, எங்கடை ஐயா பாயிலை கிடக்கிறார். தங்கச்சிக்குக் கலியாணம் ஒண்டும் சரிவரேல்லை. இந்தக் கதிரை போனா எனக்கு இருக்க வேறை கதிரை இல்லை."



அடுத்த கிழமை முழுக்க அக்கா எழுத்துக்கூட்டும் பிள்ளைபோல அடித்தார். ஒரு விசை, ஒரு பார்வை, ஒரு அழிப்பு. கார்த்திகை மழை தொடங்கியபோது பார்ப்பது குறைந்திருந்தது. தைப்பொங்கலுக்கு முன் ஆலங்கட்டிச் சத்தம் திரும்பி வந்துவிட்டது. இடதுகை எஃப் விசைகளுக்குள் ஓடும். வலதுகை ஏழாம் இலக்கத்துக்குப் பறந்துபோய் வரும். மட்டைத் துண்டு மட்டும் பழைய பொய்யைச் சொல்லிக்கொண்டு அங்கேயே இருந்தது. புதிதாக ஒன்று எழுதி ஒட்டலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"சனம் கண்டா என்ன நினைக்கும்? மிசின் பழுது எண்டு கதை பரவினா ஆர் வருவினம்?" என்றார் அண்ணை.

அக்கா அடித்துக்கொண்டிருந்தார்.

அவரைத் தவிர வேறு எவராலும் அந்தக் கீபோட்டில் ஒரு வரி அடிக்க முடியாது என்றானது. பண்டத்தரிப்பிலிருந்து வேலை கேட்டு வந்த இராசநாயகம் என்ற பெடியன் மட்டையைப் பார்த்து அடித்துவிட்டு, "அக்கா, இது என்ன, மலையாளமோ?" என்று கேட்டுப் போனான். காய்ச்சல் என்று அக்கா வராத நாட்களில் அறை பூட்டியிருக்கும்.

"நீர் இல்லாட்டி உது வெறும் தகரம் தங்கச்சி," என்பார் அண்ணை.

"அப்ப தகரத்துக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தாங்கோவன்," என்பார் அக்கா. சிரிக்கக்கூடத் தொடங்கியிருந்தார்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை நின்றது. கண் டொக்டரிடம் காட்டுவதற்கென்று அண்ணை கொழும்புக்குப் போனார். அங்கே ஒரு கடையிலிருந்து தம்பியோடு ரெலிபோனில் கதைத்திருக்கிறார். திரும்பி வந்தபோது மனைவியின் தமக்கை மகள் குணலட்சுமியும் கூட வந்தாள். கொழும்பில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போன பிள்ளை. கொஞ்ச நாள் நிற்க வந்திருந்தாள்.

"பிள்ளை, உமக்கொரு சாமான் கொண்டந்திருக்கிறன்," என்றார் அண்ணை அக்காவிடம்.

பையில் ஒன்றும் இல்லை. நேரே கீபோட்டுக்குப் போனார். றீமாப் விசையோடு இன்னும் இரண்டைச் சேர்த்து அமத்திப் பிடித்தார். சிறிய பச்சை வெளிச்சமொன்று மினுங்கி அணைந்தது.

"தம்பி சொன்னவன். எல்லாம் அவன் அனுப்பினபடி வந்திடுமாம். இவ்வளவு காலமும் என்ன பாடு பட்டிருப்பீர்! இப்ப அடியும், பாப்பம்."

அவர் முகம் அப்படிப் பூரித்திருந்தது. பாவம், மனுசன் நல்லதைத்தான் செய்தார்.

அக்கா அடித்தார். அரவு வரவேண்டிய இடத்தில் குற்று வந்தது. அழித்தார். வலதுகை ஏழாம் இலக்கத்துக்குப் போய் வந்தது. திரையில் 7 என்று விழுந்தது. அழித்தார். மட்டையைப் பார்த்து அடிக்கத் தொடங்கினார். நாலு சொல் போனதும் கை தன்பாட்டில் பழைய இடத்துக்கு ஓடிவிட்டது.

"பழகீடும், பழகீடும்," என்றார் அண்ணை.

பழகவில்லை. முதல்தரம் அவர் பார்த்துப் பார்த்துப் பழகினார். இந்தமுறை பார்க்க விடாமல் கை முந்தியது. ஒரு நாள் வேலை மூன்று நாளுக்கு இழுபட்டது. சிவக்கொழுந்து என்ற கிழவரின் கல்வெட்டில் ஐந்தாம் பக்கம் முழுக்கப் பிழைகளுக்கு நான் வட்டம் போடவேண்டி வந்தது. வட்டங்களை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை," என்றார். "பழையபடி பிழையாக்கித் தாங்கோ."

அண்ணை சிரித்தார். அக்கா சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "மெய்யாத்தான் கேக்கிறீரோ?"

"மெய்யாத்தான்."

"அதுக்கென்ன, ஒவ்வொண்டாச் சொல்லும், மாத்தி விடுறன். இப்பத்தான் எனக்கு றீமாப் தெரியுமே. முதலாவதிலை என்ன இருந்தது?"

அக்கா தன் இடது கையைப் பார்த்தார்.

"அரவு எதிலை?"

"அது... இரண்டு இடத்திலை இருந்தது. நான் ஒண்டைத்தான் அடிக்கிறனான்."

"எதை?"

கண்ணை மூடிக்கொண்டு மேசை விளிம்பில் விரல்களை ஓடவிட்டார். "கடவுளே" என்று மெல்லச் சொல்லியபடி அடித்துப் பார்த்தார். விரல் ஓடியது. எங்கே போகிறது என்று கண்ணைத் திறந்தார். விரல் நின்றுவிட்டது.

"தம்பி, நான் கண்ணை மூடுறன். நீங்கள் பாருங்கோ," என்றார் என்னிடம்.

நான் குனிந்து பார்த்தேன். மேசையில் விசை இல்லை; விரல் எந்த விசைக்குப் போகிறது என்று எப்படிப் பிடிப்பது? கீபோட்டிலேயே அடிக்கச் சொன்னோம். நான் பார்க்கிறேன் என்ற நினைப்பிலேயே அவருடைய கை குழம்பியது. ஒரு தரம் போன இடத்துக்கு மறு தரம் போகவில்லை. இந்தக் கிழமை பழகிய சரியும் உள்ளே கலந்துபோயிருந்தது. பிடிபட்ட நாலைந்தை அண்ணை மாற்றிவிட்டார். அக்கா அடித்துப் பார்த்தார். மாற்றியதோ பழைய பிழையும் இல்லை, சரியும் இல்லை. புதிய பிழை.

"ஏழு மட்டும் நிச்சயம்," என்றார் அக்கா. "இரட்டைக்கொம்பு ஏழிலைதான் இருந்தது."

"ஏழை மட்டும் வைச்சு என்ன செய்யிறது பிள்ளை?" அண்ணையின் குரல் இறங்கியிருந்தது.

மூன்று விசையையும் சேர்த்து மறுபடி அமத்தினார். பச்சை மினுங்கி அணைந்தது. எல்லாம் சரியாயிற்று.

இரண்டு நாளில் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். சிவக்கொழுந்தரின் மகன் வாசலில் சைக்கிளோடு நின்றான். ஜெனரேற்றரில் மண்ணெண்ணெய் முடியுமுன் ஐந்தாம் பக்கம் அடித்தாக வேண்டும். அக்கா ஒரு வரி அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். தேத்தண்ணி கொண்டுவந்த குணலட்சுமி தட்டோடு அவருக்குப் பின்னால் நின்று திரையையும் மட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். நல்ல பிள்ளை, நக்கல் இல்லை.

"அக்கா, நான் கொஞ்சம் அடிச்சுப் பாக்கட்டே? நீங்கள் வாசியுங்கோ."

அண்ணை ஜெனரேற்றரைப் பார்ப்பதுபோல வெளியே போனார். நான் வட்டம் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

செல்வநாயகி அக்கா அரைகுறையாக நின்ற சொல்லை அடித்து முடித்தார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு கதிரையை விட்டு எழும்பினார்.