நைல் நதியும் ஒரு கதிரையும்

ஹம்பேர்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலை இருக்கிற தமிழ்க்கடை அண்ணை ஒரு கிழமை எகிப்திலை அஸ்வான் நகருக்குப் போயிட்டு இண்டைக்குத்தான் கடை திறந்தவர்.

இத்தனை வருசத்திலை அந்த மனுசன் கதிரையிலை இருந்து நான் கண்டதில்லை. பாணும் நிண்டபடிதான் சாப்பிடுவார்.

"அஸ்வான் எப்பிடி அண்ணை? கோயிலெல்லாம் பாத்தனீங்களோ?"

அண்ணையின்ரை மனுசிதான் உள்ளுக்கை இருந்து பதில் சொன்னா.

"எங்கை பாத்தவர்? முதல் நாள் நைல் நதியிலை பாய்ப்படகு ஏறினவர், பிறகு ஒவ்வொரு நாளும் அதுதான். நானும் கூட வந்த ஜெர்மன்காரரும் வெயிலுக்கை கோயில் கோயிலா அலைஞ்சம். ஒட்டகமும் நான்தான் ஏறினனான்!"

அண்ணை கமெராவை நீட்டினார். அக்கரையிலை மணல்மேடு. படகிலை அண்ணை கால் நீட்டி இருக்கிறார். சிரிக்கிறார் வேறை.

"தங்கச்சி, ஏழு நாளும் ஒருத்தரும் என்னட்டைக் கறித்தூள் எங்கை எண்டு கேக்கேல்லை."

"நல்லது அண்ணை. கறித்தூள் எங்கை?"

அப்பத்தான் கவனிச்சன். மேசைக்குப் பின்னாலை ஒரு புதுக் கதிரை, அதிலை அண்ணை. இருந்தபடியே கையைக் காட்டினார்.

"மூண்டாம் தட்டிலை. நீங்களே எடுங்கோ."

எடுத்தன். நாளைக்குக் கடைக்குப் போறவை ஆரும் மனுசனை அந்தக் கதிரையிலை இருந்து எழுப்பிப் போடாதேங்கோ!