கடைசி வயலுக்குத் தண்ணீர்

வாய்க்காலில் சோமோவின் முறை உச்சிவேளை வரைக்கும்தான். மேட்டிலிருக்கும் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் காலடியில் சுருங்கிவிட்டால் தண்ணீர் பக்கத்து வயல்காரன் வாங்டியுடையது. அடுத்த முறை வர ஐந்து நாளாகும். புனாகாச் சரிவில் அவளுக்கு இருப்பது அடுக்கடுக்காக மூன்று வயல். நாற்றைப் பறித்துக் கட்டி வைத்தாயிற்று. ஐந்து நாள் தாங்காது. அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கத்துப் பெண் தேச்சென் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"அக்கா, மகிழ்ச்சிக் கணக்கெடுப்பு. குலுக்கல்ல உங்க பேரு விழுந்திருக்கு."

"லாட்டரியில மட்டும் விழாது. எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டரை மணி நேரம்."

"ஏன், வாங்டிக்கு மகிழ்ச்சி கிடையாதா? அவனைக் கேளேன்."

"ஆளை மாத்த முடியாதுக்கா. இன்னிக்கே முடிச்சாகணும்."

தேச்செனின் செருப்பு வார் அறுந்து, நாரால் கட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு சோமோ வரப்பில் உட்கார்ந்தாள். தண்ணீர் தானாகப் பாயட்டும், வாய்க்குத்தானே வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

"நேத்து எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?"

"காட்டுப்பன்னி விட்ட அளவுக்கு."

"வீட்ல யாரெல்லாம்?"

"நான்தான். புருஷன் திம்புவுக்கு வண்டி ஓட்டப் போயி பதினோரு வருஷம். மக வெளிநாட்டுல, பெர்த்ல கிழவங்களைக் குளிப்பாட்டுறா. என்னைக் குளிப்பாட்ட ஆள் வேணும்னா நானும் அங்கதான் போகணும்."

தேச்சென் சிரித்தாள். அப்படிச் சிரித்தும் களைப்புப் போகவில்லை.

"வருஷத்துக்கு எவ்வளவு இருந்தா வீட்டுக்குப் போதும்?"

சோமோவிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "முழங்காலுக்கு மருந்து, பன்னிக்கு வேலி. வேற என்ன?"

"செய்யறதுக்கெல்லாம் பலன் உண்டுன்னு நினைச்சு நடப்பீங்களா? எப்பவும், சில சமயம், இல்ல?"

"எப்பவும்னு போடு."

எழுந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: இரண்டாம் வயலின் வரப்பில் எலி வளை. அரைமணி நேரத் தண்ணீர் ஓடைக்குப் போயிருந்தது. மண்ணைக் குழைத்து வளையை அடைத்தாள். வயல் மறுபடி நிறைந்து வருவதற்குள் கம்பத்தின் நிழல் காலடிக்கு வந்துவிட்டது. கடைசி வயல் காய்ந்தே கிடந்தது.

வாங்டி கோயிலுக்குப் போயிருந்தான். திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். சரிவில் வேறு ஆள் இல்லை. சோமோ தன் மடையை அடைக்கும் புல்மண் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மடையருகே நின்றாள்.

"நான் வேணா திரும்பி உக்காந்துக்கிறேன்க்கா," என்றாள் தேச்சென்.

"நீ திரும்பிக்குவ. நான் எங்க திரும்ப?"

கட்டியை மடையில் வைத்துக் காலால் மிதித்தாள். தண்ணீர் வாங்டியின் பக்கம் போயிற்று.

தேச்சென் தயங்கிக் கேட்டாள். "பத்துக்கு எத்தனை சந்தோஷமா இருக்கீங்க?"

"மூணு வயல்ல ரெண்டு நனைஞ்சிருக்கு. பத்துக்கு எவ்வளவு வரும்?"

"நான் போடக்கூடாதுக்கா. நீங்கதான் சொல்லணும்."

"ஆறுன்னு வை. நேத்து வந்திருந்தீன்னா எட்டு."

சாக்கை ஓடையில் நனைத்து நாற்றுக்கட்டுகளின் மேல் போர்த்தினாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி வரப்பில் உட்கார்ந்தாள்.

"இன்னும் எத்தனை கேள்வி?"

"நாப்பது."

"கேளு. இப்ப நேரமிருக்கு."