ஏரிக்கரையில் ஓடிய பின்னல்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் திருப்பதியிலிருந்து வந்த முதல் பஸ் எங்கள் ஊரான புத்தலப்பட்டில் நின்றது. சித்தி இறங்கினாள். தலை முழுக்கச் சந்தனம். முடி இல்லை. எல்லாம் கெடத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அம்மா லட்டுப் பையை வாங்கிக்கொண்டு, மொட்டை அழகாக அமைந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தாள்.

போன மாதம் ஓட்டப் பந்தயத்தில் என் மகள் மைதானத்தின் கடைசி வளைவில் விழுந்து, நான்கு பேர் தூக்கி வரும்படி ஆயிற்று. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனாலும் வாசலில் கிடக்கும் அவள் ஷூவைப் பார்த்தால் எடுத்து எங்காவது ஒளித்துவைக்கத் தோன்றுகிறது. இந்த நிலையில்தான் ஓட்டக்காரப் பெண்களைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் புடவைத் தலைப்பில் மைக்கைச் செருகி, குடும்பம் பட்ட கஷ்டங்களைச் சொல்லச் சொன்னார்கள். எனக்குச் சித்தியின் மொட்டைத் தலைதான் நினைவுக்கு வந்தது. அதை எந்தக் கஷ்டத்தில் சேர்ப்பது? தண்ணீர் குடித்துவிட்டு வேறு எதையோ சொன்னேன்.

சித்தி மொட்டையோடு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. சித்தி, அம்மாவின் தங்கை. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். அம்மா நிலக்கடலைக் காட்டில் களையெடுக்கப் போவாள்; சித்தி ஓடப் போவாள். இதில் விசித்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. இரண்டுமே வேலைதான் என்று நினைத்திருந்தேன். ஹைதராபாத்தில் நடந்த மாநிலப் போட்டியில் சித்தி ஐயாயிரம் மீட்டரில் முதலாவதாக வந்தாள். டிவிக்காகப் படம் எடுப்பவர்கள் அந்த ஓட்டத்தை முழுதாகப் பிடித்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஆடிய அவளுடைய நீளப் பின்னல் அவர்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. கடைசிக் காட்சியை எங்கள் ஊர் ஏரிக்கரையில் விடியற்காலையில் எடுப்பது என்று ஏற்பாடு. படம் டிவியில் வந்தால் சித்திக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்று எங்கள் தெருவே நம்பியது.

ஜெயித்தால் முடி கொடுப்பதாக ஏழுமலையானுக்கு வேண்டுதல். கடனைத் தள்ளிப்போட்டால் சாமி கோபித்துக்கொள்வார் என்று அம்மா பயந்தாள். கடைசிக் காட்சிக்கு முந்தின நாள் அவள்தான் சித்தியை மலைக்கு அனுப்பினாள். படம் எடுப்பவர்களிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? சந்தனத் தலையோடு டிவியில் வந்தால் பார்க்கிறவர்களுக்கும் புண்ணியம் என்பது அம்மாவின் கணக்கு.

டைரக்டர் ஜீப்பில் ஏரிக்கரைக்கு வந்து இறங்கினார். சித்தியைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"ஜுட்டு ஏதம்மா?" என்றார். முடி எங்கே என்று கேட்கிறார்.

"கொண்டா மீத இச்சேசானண்டி," என்றாள் சித்தி. மலைமேல் கொடுத்துவிட்டேன் என்று அவள் சொன்ன பெருமையைப் பார்த்து, அந்த மனிதர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

போட்டியில் பின்னல், ஊரில் மொட்டை என்றால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே விளங்காது. நெல்லூரில் இன்னொரு பெண் இருக்கிறாள், அவளை எடுத்துக்கொள்கிறோம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் பெட்டிகளை ஏற்றச் சொன்னார். சித்தி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அதுவரை மொட்டைக்காக அவள் வெட்கப்பட்டு நான் பார்க்கவில்லை.

அப்போது கேமராக்காரர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். குனியும்போது அவள் பின்னல் தரையைத் தொட்டது. அதே உயரம், அதே ஒல்லி. தூரத்தில் பின்பக்கமாக எடுத்தால் யாருக்குத் தெரியும் என்றார் அவர்.

"நானா?" என்றாள் அம்மா. "எனக்கு மாட்டுக்குத் தீனி வைக்கணும்."

"மாட்ட நான் பாத்துக்கறேன். ஓடுக்கா," என்றாள் சித்தி. "எம் முடிய நீதான் குடுக்கச் சொன்ன. இப்ப உன்னுத குடு."

அம்மா டீக் கெட்டிலின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு அதை என் கையில் கொடுத்தாள்.

பம்புசெட் அறைக்குள் போனவள், சித்தியின் நீல நிறப் பேண்ட்டும் பனியனுமாக வெளியே வந்தாள். என் உயிரே போய்விட்டது. அவளைப் புடவையில் தவிர நான் பார்த்ததில்லை. கூட்டம் வேறு சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை, "இன்னாடி, ஒலிம்பிக்குக்குப் போறியா? கோழிய அடச்சிட்டுப் போ," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கெட்டிலோடு புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்கு ஒரே கவலைதான். நைனா, அதுதான் என் அப்பா, ரேணிகுண்டா ஒர்க்ஷாப்பில் நைட் ஷிப்ட் முடிந்து ஏழரை பஸ்ஸில் வருவார். அதற்குள் அம்மா புடவைக்கு மாறிவிட வேண்டும்.

சித்தி தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தாள். அம்மா கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டாள். மண்ணில் பெருவிரலால் ஒரு கோடு கிழித்து, அதன் பின்னால் ஒரு காலை வைத்துக் குனிந்தாள். இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடுகு போட்டுவைக்கும் எங்கள் வீட்டுப் பித்தளைக் கிண்ணத்துக்கு மட்டும் ஏன் இரண்டு பக்கமும் காது இருக்கிறது என்றுகூடக் கேட்காத பெண் நான்.

முதல் முறை ஓடினாள். டைரக்டர் 'ஒன் மோர்' என்றார். இரண்டாம் முறையும் 'ஒன் மோர்'. நான்காம் முறை ஓடி முடித்தபோது, "இவருக்கு எண்ணத் தெரியாதா?" என்று அம்மா மூச்சு வாங்கக் கேட்டாள்.

ஐந்தாம் முறை ஜீப்பில் கேமராவை வைத்துப் பின்னாலேயே வந்தார்கள். ஏரித் தண்ணீரில் வெயில் விழுந்திருந்தது. பாதிக் கரை வரை அம்மா நிதானமாகத்தான் ஓடினாள். அதற்கப்புறம் என்ன நினைத்தாளோ, தலையை நிமிர்த்தி வேகம் பிடித்தாள். பின்னல் இடமும் வலமும் அடித்தது. ஜீப் பின்தங்கியது. டிரைவர் கியர் மாற்றும் சத்தம் புளியமரம் வரை கேட்டது. கோழியை அடைக்கச் சொன்ன அத்தை, "உடாத, உடாதடி" என்று மாராப்பைச் செருகிக்கொண்டு கரையோரம் ஓடினாள். சித்தி வெறுங்காலோடு குதித்துக் கத்தினாள். முக்காடு எங்கேயோ விழுந்து கிடந்தது. நானும் எப்போது மரத்தை விட்டு வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. கெட்டிலில் இருந்த டீ முழுவதும் என் பாவாடையில் இருந்தது.

படம் வந்தது. சித்திக்கு வேலையும் வந்தது. அந்தக் கடைசி ஓட்டத்தைப் பார்த்தவர்கள், இது மட்டும் நடிப்பில்லாமல் வந்திருக்கிறது என்றார்கள். அம்மாவின் பெயர் படத்தில் எங்கும் இல்லை. அவளும் கேட்கவில்லை. என் மகள் இப்போது அதைப் போனில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள்.

அன்று ஓட்டம் முடிகிற இடத்தில், ஏரி மேட்டில், ஏழரை பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது. டிபன் கேரியரோடு நைனா இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்; அவரைப் பார்த்ததும் பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் திட்டப்போகிறார் என்று நான் கெட்டிலை இறுக்கிப் பிடித்தேன். அவர் அவள் கால்களையே பார்த்தார். சொன்னது என்னவோ கொஞ்சம்தான். அதில் வெறுங்கால் என்று வந்தது; வெறுங்காலோடு நின்றது சித்தி என்பதால், அவளிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மா எதற்கு ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று எனக்குப் புரியவில்லை.

"ஷூ போட்டுக்கினு ஓடி இப்பத்தான் பாக்கறேன்," என்றார் நைனா. "அன்னிக்கி சித்தூர்ல கப்பு வாங்கினப்ப வெறுங்காலு."