காரமில்லாத வெள்ளை மீன்

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்தபோது அவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. கையிலிருந்து கரண்டி நழுவியதாம். எடுக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். அவளைத் தூக்கி வேனில் ஏற்றியது அவளுடைய அண்ணன். நான் அந்த நேரம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

வலதுபக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. அதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த சேதம். விழுங்குவதும் போய்விட்டது என்பது ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு மிடறுதான். இருமி இருமிக் கண் பிதுங்கியது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது, கெட்டியான கஞ்சி மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். கஞ்சி, மறுபடியும் கஞ்சி, பூசணிக்காயை மசித்துக் கொஞ்சம். அவள் உடம்பு உருகியது. தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. ஒருநாள் கஞ்சிக் கரண்டியைக் கண்டதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் கெஞ்சினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த கிளினிக்கில், விழுங்கப் பழக்குகிற மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். சின்ன வயது சிங்களப் பெண். தமிழ் உடைந்து உடைந்து வரும்.

"முட்டை குடுக்கலாம். மீன் குடுக்கலாம். வெள்ளை மீன், முள்ளு இல்லை, காரம் இல்லை. ஈரமா இருக்க வேணும். காய்ஞ்சது வேணாம், பொரிச்சது வேணாம்." இரண்டு விரலுக்கு நடுவே எதையோ நசுக்கிக் காட்டினாள். "இப்பிடி நசுங்கினா குடுங்க. நேரா உக்கார வைக்க வேணும், தாடை கீழே. விழுங்கினதும் ஆ சொல்லச் சொல்லுங்க. சத்தத்திலே தண்ணி மாதிரி வந்தா நிப்பாட்டுங்க. ஹெமின் ஹெமின்."

மெதுவாக மெதுவாக என்று அர்த்தம். எனக்கு அது மட்டும் நன்றாகப் புரிந்தது. மற்றபடி, என் வாழ்நாளில் நான் மீன் சமைத்ததே இல்லை. மீன் என்றால் எங்கள் வீட்டில் சிவக்கச் சிவக்கக் குழம்புதான். அவள் வைப்பாள், நான் சாப்பிடுவேன்.

ஹட்டனில் ஒரு பெரிய கடையில் முள்ளெடுத்த மீன் பொட்டலமாக உறைய வைத்து விற்கிறார்கள். வாங்கிவந்து, பொறுமையில்லாமல், உறைந்த கட்டியோடே கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். வெந்ததா என்று தெரியாததால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது அது சணல் மாதிரி நார் நாராகப் பிரிந்தது. உப்புப் போட்டுப் பிசைந்து ஊட்டினேன். அவள் மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் எல்லாம் வலது கன்னத்துக்குள் ஒதுங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் அவளுக்கு உணர்ச்சி இல்லை. விரலை விட்டு வழித்து எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் அவள் அண்ணன்.

மச்சான் கீழே லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார். தோட்டத்தில் காவல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் பள்ளிக்குப் போகிற காலை நேரங்களில் தங்கச்சிக்குக் காவல் அவர்தான். விழுந்த அன்று அவளைத் தூக்கியதிலிருந்து அவர் முகத்தில் பயம் போகவேயில்லை.

"என்னா மச்சான் இது?" என்றார்.

"மீன். மிஸ் குடுக்கச் சொன்னாங்க."

"மிஸ்ஸு வீட்டுக்கு வந்து பாக்கப் போறாங்களா? தொண்டையில சிக்குனா இங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு எம்புட்டு நேரம்னு யோசிச்சீங்களா? கஞ்சி போதும் அவளுக்கு."

"கஞ்சிய அவ குடிக்க மாட்டேங்கிறா."

"குடிப்பா. பசிச்சா குடிப்பா." செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "இந்த வீட்டுல மறுபடி மீனு வெந்துச்சுன்னா நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

அவர் வராவிட்டால் நான் பள்ளிக்குப் போக முடியாது. இரண்டு நாள் கஞ்சியே கொடுத்தேன். அதில் பாதி அவள் சட்டையில் வழிந்தது. மூன்றாம் நாள் நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டுப் பக்கம் போனேன்.

நீர்த்தேக்கத்தில் வலைபோட்டுத் திலாப்பியா பிடிக்கிற சிங்களவர் ஒருவர் அங்கே ரோட்டோரம் தராசு வைத்திருப்பார். "கட்டு நெத்துவ ஓனே" என்றேன். முள் இல்லாமல் வேண்டும் என்று. யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். பெரிய மீனாகப் பார்த்து எடுத்து, முதுகு வழியே கத்தியை இறக்கி, இரண்டு பக்கச் சதையையும் பலகை மாதிரி வழித்தெடுத்தார். தோலை உரித்தார். சதைக்கு நடுவில் ஒரு வரி முள் ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் கீறி, அந்த வரியை அப்படியே எடுத்துப் பூனைக்கு எறிந்தார். பிறகும், என் கையைப் பிடித்துச் சதையின் மேல் தடவ வைத்தார், வீட்டில் இப்படிப் பார்க்க வேண்டும் என்று.

வீட்டில் ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். தடவினேன். திருப்பித் தடவினேன். ஒன்றும் இல்லாத இடத்தில்கூட ஏதோ குத்துவது போல இருந்தது. கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன்.

இந்தமுறை தண்ணீரில் போடவில்லை. ஒரு சின்னத் தட்டில் மீனை வைத்து, உப்பு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, கெட்டித் தேங்காய்ப்பால் கொஞ்சம் ஊற்றி, இட்டலிச் சட்டிக்குள் வைத்து மூடினேன். ஆவியில்தான் வேக வேண்டும். கண்ணாடி போல இருந்த சதை பால் நிறத்துக்கு மாறியதும் கரண்டி முனையால் தொட்டேன். இதழ் இதழாக விலகியது. அந்த நொடியே இறக்கிவிட்டேன். இஞ்சியை எடுத்துப் போட்டுவிட்டு, தட்டில் ஊறிய பாலோடேயே மசித்தேன். நார் இல்லை. விரலுக்கு நடுவில் வெண்ணெய் மாதிரி நசுங்கியது.

அவளை நாற்காலியில் நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். கரண்டி நுனியில் கொஞ்சம்.

"தாடையக் கீழ வையி புள்ள. ம். முழுங்கு."

அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைய வேண்டும். அசையவில்லை. பிறகு மெல்ல ஏறி இறங்கியது.

"ஆ சொல்லு."

"ஆ."

சுத்தமான சத்தம். நான் அடுத்த கரண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் இடது கையால் என் முழங்கையைத் தட்டினாள். அடுத்ததைக் கொடு என்று. நாலைந்து வாய் போனபிறகு முகத்தைச் சுளித்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னாள்: "பச்சப் புள்ளைக்குக்கூட நான் இப்புடி ருசியில்லாம குடுத்ததில்ல."

வீட்டுக்கு வந்தபிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மச்சானிடம் நான் சொல்லவில்லை. மத்தியானத்தில் சமைத்து, அவர் சாயந்தரம் எட்டிப் பார்ப்பதற்குள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். ஜன்னலைத் திறந்து வைப்பேன். ஒரே வகை அலுத்துவிட்டால் மறுபடி வாயை மூடிவிடுவாளே என்று வேறு வேறாகச் செய்துபார்த்தேன். பசும்பாலை லேசாகச் சூடாக்கி, கொதிக்க விடாமல் அதில் மீனைப் போட்டு எடுத்து, அவித்த உருளைக்கிழங்கோடு மசித்தால் நன்றாகச் சேர்ந்துகொள்ளும். தாச்சிச் சட்டியில் கொஞ்சம் பட்டர், அதில் தோலுரித்த தக்காளியைக் கரையவிட்டு, மேலே மீனை வைத்து மூடியைப் போட்டால் தக்காளிச் சாற்றிலேயே வெந்துவிடும். எதிலும் முக்கியம், அடுப்புத் தீ குறைவாக இருக்க வேண்டும், நான் வேறு வேலைக்குப் போகக்கூடாது. தோசை திருப்புகிற நேரம் அளவு கூடுதலாக அடுப்பில் இருந்தாலே இறுகிவிடுகிறது. தக்காளி போட்டதை அவள் விரும்பினாள். கன்னம் கொஞ்சம் தெளிந்தது.

கொழும்பில் வேலை பார்க்கும் மகள் ஒரு சனிக்கிழமை வந்தாள். அவளுக்காக இரண்டு துண்டில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் பூசிப் பொரித்தேன். அவள் அம்மாவுக்குத் தனியாக ஆவியில் வைத்தது. மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். மகள் தண்ணீர் எடுக்க எழுந்தாள், நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பியபோது மகளின் தட்டிலிருந்த பொரித்த மீனில் ஒரு ஓரம் குறைந்திருந்தது. என் மனைவியின் இடது கை வாயருகே இருந்தது.

சத்தமே வரவில்லை. இருமினால் பரவாயில்லை, இருமல்கூட வரவில்லை. கண் அகன்றது. உதட்டு நிறம் மாறியது.

"அப்பா," என்றாள் மகள். "அப்பா, அம்மாவப் பாருங்க."

நாற்காலியோடு அவளை முன்னால் சாய்த்து, முதுகில் தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தேன். நான் இப்படி யாரையும் அடித்ததில்லை. மகள் வாசலுக்கு ஓடி மாமா மாமா என்று கூப்பிட்டது கேட்டது. மறுபடி ஓங்கி அடித்தேன். ஏதோ தெறித்துத் தட்டில் விழுந்தது. அவள் மூச்சை இழுத்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பிறகுதான் இருமல். இருமி இருமி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் மூச்சிரைக்க உள்ளே வந்து நின்றார். மேசையைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் என்னை ஒருமுறைகூட நீ என்று சொல்லாதவர் சொன்னார்: "நீ படிச்ச ஆளுதானே? என் தங்கச்சியக் கொன்னுட்டுத்தான் ஓய்வியா?"

பதில் சொன்னது என் மனைவிதான். கரகரத்த குரலில், மூச்சு வாங்கி வாங்கி.

"நாந்தான் எடுத்தேன். அவரச் சொல்லாத."

"எதுக்குடி எடுத்த?"

"திங்கணும்னு இருந்துச்சு."

மச்சான் அடுப்படிப் படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆனால் அத்தோடு பயம் முடியவில்லை. உணவு நெஞ்சுக்குள் இறங்கியிருந்தால் காய்ச்சல் வரும் என்று மிஸ் முன்பே சொல்லியிருந்தாள். ஞாயிறு முழுவதும் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். மாறி மாறி மூன்று பேரும். எனக்குச் சுட்டது, மகளுக்குச் சுடவில்லை. மச்சான் கையை எடுக்காமல் வைத்திருந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு ஆட்டோவில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். படம் வரும்வரை மச்சானும் நானும் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தோம்.

நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மிஸ் வந்து, என்ன சாப்பிட்டீங்க என்று அவளையே கேட்டாள்.

"பொரிச்ச மீன்."

மிஸ் திட்டவில்லை. "மத்த மீன் எப்பிடி? ஈரமா செஞ்சது?"

"அது நல்லா எறங்குது. உப்புத்தான் பத்தாது."

அவளைச் சாப்பிடவைத்துப் பார்த்தாள் மிஸ். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, வெள்ளை மீன் நிறுத்த வேண்டாம், உடம்புக்கு வேண்டும், பொரிச்சதைப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்றாள். மச்சான் தலையை ஆட்டினார். அவருக்குப் பிடித்துத்தான் ஆட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் மீனைத் தட்டில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தார். கையைக் கழுவினார். கேட்காமலே ஒரு துண்டை எடுத்து விரல் நுனியால் மெதுவாகத் தேடினார். அவர் கைக்கு அது பழகாத வேலை. அடிக்கடி நின்றார். ஒரு இடத்தில் நின்று, நகத்தால் கிள்ளி, மயிர் போன்ற ஒரு முள்ளை வெளியே இழுத்தார். நான் இரண்டு தடவை பார்த்த துண்டு அது.

"இத விட்டுட்டீங்க மச்சான்," என்றார். கோபமில்லை. அந்த முள்ளைக் காகிதத்தில் வைத்து மடித்து அடுப்புக்குள் போட்டார்.

அன்றிலிருந்து யார் சமைத்தாலும் இருவரும் தனித்தனியாகத் தடவிப் பார்த்த பிறகுதான் மீன் அடுப்புக்குப் போகிறது. இஞ்சி கூடிப்போச்சு, தக்காளி புளிக்குது என்று நாற்காலியிலிருந்து அவள் உத்தரவு போடுகிறாள். உப்பு கொஞ்சம் கூட்டியிருக்கிறோம்.

போன வாரம் இடது கையால் தானே சாப்பிடுவேன் என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். மச்சானும் நானும் எதிரே நின்று அவள் தொண்டையைப் பார்த்தபடி இருந்தோம். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் அங்கிட்டுத் திரும்புங்க. நீங்க பாத்தா எனக்கு எறங்கல."

திரும்பிக்கொண்டோம். வெளியே மலைச்சரிவில் கொழுந்தெடுக்கிறவர்கள் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் கரண்டி தட்டில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. மச்சான் என் கையைப் பிடித்தார், இறுக்கமாக. மறுபடி கரண்டிச் சத்தம் வரும்வரை அவர் விடவில்லை.